வன்னியில் உணவு உதவி செய்ய நினைப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஊரில் இருக்கிற ஒன்பது பேர். மாதர் சங்கப் பெண்கள் ஆறு பேர், இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். "ஊரில் கஷ்டப்பட்ட சனத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கவேணும், எப்படிச் செய்யலாம்?" என்று கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் கொழும்பில் இருந்தும் கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புவதைவிட எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று முடிவெடுத்தோம். எழுதுகிற நான் குழுவில் கணக்குப் பார்க்கிறவள்.

நீங்கள் உண்மையில் செய்வது என்ன?

எங்கள் ஊரில் இரண்டு பலசரக்குக் கடைகள். இரண்டிலும் கடன் கொப்பி இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் நாங்கள் கடைக்காரரிடம் காசைக் கட்டுவோம், அவர் அந்தக் குடும்பத்தின் கொப்பிப் பக்கத்தில் அதை வரவு வைப்பார். அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே வேலை இல்லை. அந்த அம்மா எல்லோரையும் போலக் கடைக்குப் போவார், வேண்டியதைக் கேட்பார், "கொப்பியில எழுதுங்கோ" என்பார். பக்கத்தில் நிற்கிறவருக்கு அது கடனா உதவியா என்று தெரியாது. ஏனென்றால் வன்னியில் கொப்பியில் எழுதி வாங்காத வீடு குறைவு. நெல்லு வெட்டினால் கட்டுவது, மீன் பட்டால் கட்டுவது, அரசாங்கச் சம்பளக்காரர்கூட சம்பளத் திகதி பார்த்துக் கட்டுவது, இதெல்லாம் இங்கே வழமை. அந்த வழமைக்குள்ளே உதவியை நுழைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

எல்லோரும் செய்கிற மாதிரிப் பொதி கட்டிக் கொடுத்தால் என்ன?

வெள்ளம் வந்தால் பொதிதான் கொடுக்கவேண்டும், நாங்களும் கொடுத்திருக்கிறோம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் தண்ணீருக்குள் போனபோது பாடசாலைகளில் வந்து இருந்த சனத்துக்குப் பாணும் சம்பலும் சமைத்த சாப்பாடும் உடனே தேவைப்பட்டது. கடையே மூழ்கிக் கிடக்கும்போது கொப்பியைப் பற்றி யார் கதைப்பது?

ஆனால் வெள்ளம் வடிந்து ஒரு வருடம் போன பிறகும், ஒரு மண்டபத்தில் கதிரை அடுக்கி, பதாகை கட்டி, பெயர் கூப்பிட்டு, ஒவ்வொருவராக மேடைக்கு ஏற்றிப் பொதி கொடுப்பது வேறு விசயம். இங்கே இருக்கிற சனம் வரிசையில் நின்றே அரைவாசி வாழ்க்கையைக் கழித்த சனம். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் மட்டும் 2009இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள், கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியே வந்தது 2012 செப்டெம்பரில். நானும் 2009இல் ஒரு முகாமில் இருந்தேன். தண்ணிக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. ஒரு நாள் ஒரு வண்டியில் வந்தவர்கள் சாப்பாட்டுப் பொதிகளை மேலே நின்று எறிந்தார்கள். என் அம்மா பிடிக்கவில்லை. பிடிக்கத் தெரியாமல் இல்லை, அவர் கையைத் தூக்கவே இல்லை. அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் பிஸ்கட்டும் தண்ணியும்தான். அம்மா அதைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் இப்போதும் எங்காவது பெயர் கூப்பிட்டுச் சாமான் கொடுக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கமே போகமாட்டார்.

இன்னொன்று, பொதிக்குள் என்ன இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அந்த வீட்டுக் குசினியைப் பார்த்ததில்லை. இங்கே சனம் சாப்பிடுவது பெரும்பாலும் நாட்டுப் புழுங்கல் அரிசி. வருவது மலிவாகக் கிடைத்த வெள்ளைப் பச்சை அரிசி. சலரோகக்காரருக்கு மூன்று கிலோ சீனி. பல்லில்லாத ஐயாவுக்குக் கடலை. அதே பொதி ஐந்தாவது தடவை வரும்போது அதில் இருக்கிற சோயாமீற்றை அரைவிலைக்குக் கடையில் கொடுத்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்குகிறார்கள். "கொடுத்ததை விற்கிறார்கள்" என்று பிறகு குறையும் சொல்கிறார்கள்.

படம் இல்லாமல் நாங்கள் எப்படி நம்புவது?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி. கேட்கிறவர்களில் பிழை இல்லை. இரவுவேலை செய்து உழைத்த காசு, அது போய்ச் சேர்ந்ததா என்று அறிய எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அதற்காக இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

முதல் வருடம் நாங்களும் படம் எடுத்தோம். அனுப்பியவர் கேட்டார், எங்களுக்கும் அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. ஒரு வீட்டு வாசலில் அம்மாவும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளும், நடுவில் அரிசிப் பையும். மகள் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம் யாரோ ஒருவருடைய முகநூலில் ஏறி, அங்கிருந்து பாடசாலைப் பிள்ளைகளின் போனுக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை இரண்டு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் குழுவில் இருக்கிற ஆசிரியைதான் வீட்டுக்குப் போய்க் கதைத்து உண்மையை அறிந்தார். "ரீச்சர், அரிசி வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்தானே, அம்மா ஏன் வாங்கினவ?" என்று அந்தப் பிள்ளை கேட்டதாம். அம்மாவோடு அவள் கதைப்பதையே விட்டிருந்தாள். நாங்கள் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனது பத்துக் கிலோ அரிசி, அங்கே உடைத்தது தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைக்கிற கதையை. அதற்குப் பிறகு ஒரு படமும் எடுத்ததில்லை, இனியும் எடுக்கமாட்டோம்.

அப்போ கணக்கு எப்படி? கடைக்காரர் தருகிற பற்றுச்சீட்டு, பெயர் மறைத்து இலக்கம் போட்ட கொப்பிப் பக்கம், வங்கிக் கூற்று, இந்த மூன்றையும் ஒவ்வொரு மாதமும் அனுப்புகிறோம். ஊருக்கு வந்தால் கடைக்கே போய்க் கொப்பியைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு கொப்பிப் பக்கம் சொல்கிற அளவுக்கு எந்தப் படமும் சொல்லாது என்பது என் அனுபவம். ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: நாட்டரிசி 5 கிலோ, பருப்பு அரைக் கிலோ, நெத்தலி 250 கிராம், சவர்க்காரம் 1, நீலம் 1, வெள்ளைச் சப்பாத்துப் பூச்சு 1. அந்தச் சப்பாத்துப் பூச்சைப் பார்த்ததும் எனக்கு அந்த வீட்டுத் திங்கட்கிழமைக் காலை தெரிந்தது. எந்தப் பொதிக்குள்ளும் ஒருவரும் அதைப் போட்டிருக்கமாட்டார்கள்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கையும் இல்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் எழுதிய அனர்த்த நிவாரண நடத்தைக் கோவையில் பத்து விதிகள் இருக்கின்றன. பத்தாவது விதியே இதைப் பற்றியதுதான்: பாதிக்கப்பட்டவர்களை விளம்பரத்திலும் செய்தியிலும் நம்பிக்கையற்ற பொருள்களாகக் காட்டக்கூடாது, மாண்புள்ள மனிதர்களாகக் காட்டவேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது ஒரு யூடியூப் சானலைத் திறந்தால் வன்னி அம்மா ஒருவர் அழுகிறார், பின்னால் சோக இசை, கமரா கண்ணீருக்குக் கிட்டப் போகிறது. அழுதால்தான் காசு வரும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

முகத்தை மறைத்துப் போட்டால் பரவாயில்லைத்தானே?

ஊரில் முகத்தை வைத்தா ஆளைப் பிடிக்கிறார்கள்? வேலியில் நிற்கிற கிளுவை, அரைவாசி பூசின சுவர், வாசலில் கட்டின ஆடு, போட்டிருக்கிற சட்டை, எல்லாம் தெரியும். வேண்டாம்.

காசாகவே கொடுத்துவிடலாமே? அல்லது காசு கொடுத்தால் குடித்துவிடுவார்களா?

குடிப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு உதவி செய்ய வராதீர்கள் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் உதவுகிற வீடுகளில் பாதிக்கு மேல் பெண்கள் தனியாக நடத்துகிற வீடுகள். அங்கே காசு போகிற இடம் சாராயக் கடை இல்லை, நுண்கடன் தவணை. கிழமைக்கு ஒருதரம் லோன்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிற நாளில் சில வீடுகளில் அடுப்பே எரியாது. இருந்த காசைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு மட்டும் ஏதாவது செய்துகொடுத்துவிட்டு, தாய் பிளேன் ரீயோடு படுத்துவிடுவார். அந்தத் தாயின் கையில் ஐயாயிரம் ரூபா கொடுத்தால் அது தவணைக்குப் போகும், போகத்தான் செய்யும், வாசலில் நின்று கேட்கிறவருக்கு முன்னால் வேறு என்ன செய்வது? அதனால்தான் சாப்பாட்டுக்கு என்று கடைக் கணக்கு.

ஆனால் காசும் கொடுக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு, கிணற்றுக்கு மோட்டர் திருத்துவது, இதற்கெல்லாம் கொப்பி உதவாது. எது வேண்டும் என்று அவர்களிடமே கேட்கிறோம். காசு வேண்டும் என்றால் காசு. என்ன செய்தீர்கள் என்று பிறகு போய்க் கேட்பதில்லை.

யாருக்குக் கொடுப்பது என்று எப்படித் தெரிவு செய்கிறீர்கள்?

விதானையாரிடம், அதாவது கிராம உத்தியோகத்தரிடம், ஒரு பட்டியல் இருக்கும், அது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. 2023 ஜூலையில் சமுர்த்தி என்ற அரசாங்க வறுமை உதவிக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்தபோது பெயர்ப் பட்டியல்களை எல்லோரும் பார்க்கப் போட்டார்கள், மேன்முறையீடும் ஆட்சேபனையும் கேட்டார்கள். அரசாங்கத்துக்கு அப்படிச் செய்யக் காரணம் இருக்கலாம். ஆனால் ஊரில் அந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்று, யார் கடும் வறுமை, யார் வறுமை, யார் பெயர் இல்லை என்று வாய்விட்டு வாசித்தவர்களை நான் பார்த்தேன். தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன ஒரு மனுசனையும் பார்த்தேன். அதனால் எங்களிடம் பட்டியல் ஒன்று இருக்கிறது, அது ஒரு கொப்பியில், என் அலுமாரிக்குள், குழுவில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

கேட்டு வருகிறவரைவிடக் கேட்காதவரைத்தான் தேடவேண்டும். கடைக்காரருக்குத் தெரியும், யார் முந்தி கிலோக் கணக்கில் வாங்கி இப்போது கால் கிலோ வாங்குகிறார் என்று. வகுப்பாசிரியருக்குத் தெரியும், இடைவேளையில் எந்தப் பிள்ளை தண்ணிக் குழாயடியில் நிற்கிறது என்று. குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும், கிளினிக்கில் எந்தக் குழந்தையின் நிறைக்கோடு கீழே இறங்குகிறது என்று. அவர் எங்களுக்குப் பெயர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அந்தத் தாயிடம் எங்களைப் பற்றிச் சொல்லுவார், விருப்பம் என்றால் அவராக வருவார்.

பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு கொடுக்க விரும்புகிறோம். செய்யலாமா?

தாராளமாக, ஆனால் ஊருக்கே கொடுங்கள். "வறுமைக்கோட்டுக்கு உட்பட்ட 25 குடும்பங்களுக்கு" என்று பதாகை அடித்து 25 பேரை மட்டும் கூப்பிடாதீர்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அன்னதானப் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்று. காணிக்காரரும் கூலிக்காரரும் ஒரே பாயில், ஒரே சோறு, ஒரே சாம்பார். வெளியில் பசியோடு வந்தவர் யார், பிரசாதம் என்று வந்தவர் யார் என்று பரிமாறுகிற பெடியனுக்குத் தெரியாது, அவனுக்கு அது தேவையும் இல்லை. ஒவ்வொரு மே மாதமும், போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக, சந்திகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறோம். அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். பஸ்ஸில் போகிற டொக்டரும் இறங்கிக் குடிக்கிறார். ஒருவருக்கும் வெட்கம் இல்லை, ஏனென்றால் அது இல்லாதவருக்கு என்று ஊற்றின கஞ்சி இல்லை.

ஆகவே அப்பாவின் ஆண்டுத் திவசம் என்றால் கோவிலில் ஒரு நேரச் சாப்பாடு, அல்லது பாலர் பாடசாலையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு மாதம் காலைச் சாப்பாடு. எல்லாப் பிள்ளைக்கும் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். தெரிவு செய்த பிள்ளைகளுக்கு மட்டும் முட்டை வைத்தால் முட்டை இல்லாத பிள்ளையும் அழும், முட்டை வைத்த பிள்ளையும் சாப்பிடாது.

எந்த மாதத்தில் கொடுத்தால் பிரயோசனம்?

எல்லோரும் தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடத்துக்கும் கொடுக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் இங்கே வயிறு காய்கிற காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. காலபோகம், அதாவது மாரி மழைக்குச் செய்கிற நெல்லு, விதைத்து முடிந்தால் வயல் கூலி நின்றுவிடும், அடை மழையில் மேசன் வேலை இல்லை, வாடைக் காற்றுக்கு முல்லைத்தீவுப் பக்கம் வள்ளம் இறங்காது. நெல்லு வெட்டத் தொடங்கிக் கையில் காசு வருவது தைக்குப் பிறகுதான். அந்த மூன்று மாதத்துக்கு நாங்கள் கொப்பித் தொகையைக் கூட்டுகிறோம், மாசி பங்குனியில் குறைக்கிறோம். ஒரே காசை வருடம் முழுக்கச் சமமாகப் பிரித்து அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்தால் நல்லது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அனுப்பவேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,100 கிலோகலோரி வேண்டும் என்பது உலகம் முழுக்க அவசர உணவு உதவிக்குப் பயன்படுத்துகிற கணக்கு. நான்கு பேருக்கு 8,400. நூறு கிராம் அரிசியில் 350 அளவில் கிடைக்கும். அப்படியென்றால் மேடையில் கொடுக்கிற அந்த ஐந்து கிலோ அரிசி, நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு நாள் தேவைக்குத்தான் வரும். இரண்டு நாளுக்காக ஒரு தாய் வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, தலைமை உரை, சிறப்புரை எல்லாம் கேட்டு, மேடை ஏறிப் படத்துக்கு நின்றுவிட்டு வருகிறார்.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. அதற்கு முந்திய வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தினதால் காலபோகம் படுத்து, நெல்லு விதைத்த வீடே அரிசி வாங்கினது. அதற்குப் பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்ததே தவிர விலை பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. மாதம் முப்பது கிலோ என்றால் அரிசிக்கே 6,900. அஸ்வெசும கிடைக்கிற வீடு, கிடைக்காத வீடு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து நாங்கள் தொகையை வைக்கிறோம். உங்களால் ஐயாயிரம்தான் முடியும் என்றால் அது போதும், ஆனால் ஆறு மாதத்துக்காவது தொடர்ந்து அனுப்புங்கள். ஒரேயடியாக இருபது வீட்டுக்கு ஒருதரம் கொடுப்பதைவிட ஒரு வீட்டுக்கு ஆறுதரம் கொடுங்கள். அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்தால்தான் அந்தத் தாய் இந்த மாதம் நிம்மதியாக உலை வைப்பார்.

ஊருக்கு வந்தால் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாமா?

அவர்களுக்கு விருப்பம் என்றால் பார்க்கலாம். விருப்பமா என்று நாங்கள் முதலே கேட்போம், இல்லை என்றால் இல்லைதான். போகிறபோது போனைப் பைக்குள் வையுங்கள். அம்மா, அக்கா, ஐயா என்று கூப்பிடுங்கள்; வயது குறைந்தவர் என்றாலும் "நீ" என்று தொடங்கவேண்டாம். யார் செத்தது, எங்கே செத்தது, எந்த ஷெல் என்று கேட்கவேண்டாம். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள். பிளேன் ரீ தருவார்கள், குடியுங்கள். "ஐயோ வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்று தள்ளினால் அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டு வருகிற மாதிரி.

வரும்போது முருங்கைக்காய் நாலு கட்டித் தந்தால் வாங்குங்கள். எங்கள் தபால்கார ஐயா முதலில் இதை வாங்கமாட்டார், அவர்களே கஷ்டம், அவர்களிடம் போய் வாங்குவதா என்பார். ஒரு வீட்டு அம்மா அடுத்த நாள் இரண்டு கிலோமீற்றர் நடந்து, ஒரு பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்து திண்ணையில் வைத்துவிட்டு, "இதை வாங்காட்டி நானும் இனி ஒண்டும் வாங்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஐயா வாங்குகிறார். அந்தப் பூசணியில் எனக்கும் பாதி வந்தது.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் எங்களுக்குத் தெரிந்து இரண்டு வீடு. பொய் சொல்லி வாங்கினார்கள், தெரிந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்து நிறுத்தினோம். அதற்காக மற்ற எல்லா வீட்டையும் மாதா மாதம் சந்தேகத்தோடு போய் அரிசிப் பானையைத் திறந்து பார்க்க நாங்கள் தயாராக இல்லை.

எப்போது நிறுத்துவீர்கள்?

பெரும்பாலும் நாங்கள் நிறுத்துவதில்லை, அவர்களே நிறுத்துகிறார்கள். மகன் கார்மெண்ட்ஸில் சேர்ந்துவிட்டான், கோழி முட்டை போடத் தொடங்கிவிட்டது, இந்தமுறை வெள்ளாமை பரவாயில்லை என்று ஏதோ ஒரு காரணம் சொல்வார்கள். போன பங்குனியில் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். 14ஆம் இலக்கப் பக்கத்தில் நாங்கள் கட்டின காசில் 1,350 ரூபா மிச்சம் இருக்க, அந்த அக்கா வந்து, தன் காசை எண்ணி வைத்துச் சாமான் வாங்கிக்கொண்டு, "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டு மிச்சத்தை வேற ஆருக்கும் எழுதிவிடுங்கோ, ஆரெண்டு எனக்குச் சொல்லவேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். கணக்குக்காகப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டோம். 1,350 ரூபா 22ஆம் பக்கத்துக்குப் போனது.